வரச் சொல்லும் படம்

"உங்கட ஊருக்கு ஒரு படம் கீறச் சொன்னா என்னத்தைப் போடுவீங்க?"

புதிதாக யாரைக் கண்டாலும் அவர் கேட்கிற முதற் கேள்வி இதுதான். சுகமா, சாப்பிட்டாச்சா என்பதெல்லாம் பிறகு. கலியாணப் பேச்சுக்கு மட்டக்களப்பில் எங்கள் தேற்றாத்தீவுக்கு வந்திருந்த சித்தாண்டி ஆட்களிடமும் கேட்டார். மாப்பிள்ளையின் தகப்பன் "முருகன் கோயில்" என்று பெருமையாகச் சொன்னார். "கோயில் சரி, கோயில்ல என்ன? கோபுரமா, வேலா, தேரா? ஒண்டைத்தான் போடலாம்" என்று இவர் குடைந்த குடையில் அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டது. உன்னிச்சையிலிருந்து நெல் மூட்டையோடு வந்த ஒருவர் "குளம்" என்றார். "குளம் எல்லா ஊரிலயும் கிடக்கு. உங்கட குளத்தைப் பார்க்க நான் ஏன் வரணும்?" என்று கேட்டு அவரையும் அனுப்பிவிட்டார். அவருக்கு உண்மையிலேயே பதில் வேண்டியிருந்தது. அதுதான் கரைச்சல்.

ஊரில் எல்லாருக்கும் அவர் பிளேன் மாமா. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் முதலில் கிடுகு வேலி இருந்தது, பிறகு மதில் வந்தது. இளமையில் கொழும்புக் கோட்டையில் ஒரு வெளிநாட்டு விமானக் கம்பனியின் டிக்கெட் கந்தோரில் கிளாக்காக இருந்தவர். கம்பனி அவரை ஒருமுறை மதராசுக்கு ஓசியில் அனுப்பியிருக்கிறது. அந்தப் பயணத்தைப்பற்றிக் கேட்டால் "காது அடைச்சிது" என்பார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அவருக்கு வேண்டியவை படங்கள். கந்தோரின் கண்ணாடி ஜன்னலில் ஒட்டுவதற்குக் கடல் கடந்து வந்த விளம்பரப் படங்கள். புதியது வந்ததும் பழையதைக் கழற்றி எறிவார்கள், இவர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். எல்லாம் கையால் கீறியவை. பரிஸ் என்றால் அந்த இரும்புக் கோபுரத்தின் கால்கள் மட்டும் தெரியும், கால்களுக்கு நடுவே சிவப்புக் குடையோடு ஒரு பெண். யப்பானுக்கு ஒரு மலையும் ஒரு வளைந்த பாலமும். இந்தியாவுக்கு நெற்றிப்பட்டம் கட்டிய ஒரு யானையின் பாதி முகம். எங்கள் நாட்டுக்கும் ஒன்று இருந்தது. அதில் தெற்குப் பக்கத்து முகமூடி போட்ட ஆட்டக்காரன் ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான், பின்னால் தென்னைகள். அதன் முன்னால் நின்று, "எங்கட பக்கத்தை மறந்திட்டானுகள்" என்று அவர் அடிக்கடி சொல்வார். கீறியவன் தெருவில் நிற்பதுபோலக் கோபமாகச் சொல்வார்.

கொழும்பில் கலவரம் வந்து வீடு எரிந்தபோது அவர் தூக்கிக்கொண்டு ஓடியது இந்தச் சுருளைத்தான். மாமி சாகும்வரை அதை மன்னிக்கவில்லை. விருந்துக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்வார்: "ஊடு எரியிது, என்ர தாலிக்கொடி அலுமாரிக்குள்ள கிடக்கு, இந்த மனுசன் கடதாசியக் கட்டிப்பிடிச்சிக்கொண்டு வாறார் கா." மாமா சிரித்துக்கொண்டு பருப்புக் கறியை இன்னும் கொஞ்சம் கேட்பார்.

நான் களுவாஞ்சிகுடியில் ஒரு அச்சுக்கடையில் கணினியில் வடிவமைப்பு வேலை செய்கிறவள். அம்மன் கோயில் திருக்குளிர்த்தி நோட்டீஸ், பெரியபிள்ளையானவளின் சாமத்தியவீட்டுப் பதாகை, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கையால்தான் போகும். மாமன், மச்சான், மருமக்கள் எல்லாருடைய தலையையும் வட்டம் வட்டமாக வெட்டி ஒரே பதாகையில் நெருக்கி வைப்பது என் பிழைப்பு. அதனால் முதலில் எனக்கு அந்தப் படங்கள் ஒன்றுமாகப் படவில்லை. என்ன இருக்கிறது? இத்தனை பெரிய கடதாசியில் ஒரு குடை. பாதி இடம் சும்மா கிடக்கிறது. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அந்தப் பாதி இடத்தில் சித்தப்பாவின் குடும்பத்தையே ஏற்றச் சொல்வார்கள்.

"அந்தச் சும்மா கிடக்கிற இடம் பார்க்கிற ஆளுக்கு, புள்ள" என்றார் மாமா. "அவடத்தத்தான் அவன் வந்து நிக்கப்போறான்."

இப்படித்தான் ஏதாவது சொல்வார், நான் வேலைக்கு நேரமாகிறது என்று ஓடுவேன், பஸ்ஸில் போகும்போது அது தலைக்குள் கிடந்து அரிக்கும். இன்னொரு நாள் கேட்டேன், விமானக் கம்பனியின் படத்தில் விமானம் ஏன் மூலையில் ஒரு தும்பி அளவுக்கு இருக்கிறது என்று. "பிளேனைப் பெரிசாக் கீறினவன் மொக்கன். பிளேனில ஏற ஆருக்கு ஆசை? இறங்கத்தான் ஆசை" என்றார். பிறகு வரிசையாக எல்லாப் படங்களையும் காட்டினார். "பார், இதுகளில ஒருத்தரும் வழியனுப்ப வந்து நிக்கல்ல. எல்லாரும் வாற ஆளைப் பார்த்துக்கொண்டுதான் நிக்கிறாங்க. மற்றப் படமெல்லாம் 'என்னைப் பார்' எண்டு சொல்லும். இது 'வா' எண்டு சொல்லும்."

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் படங்கள் பிடிபட்டன. அந்தச் சூரியன் எந்த ஊரிலும் அப்படி உதிப்பதில்லை, அந்தக் கடல் அவ்வளவு நீலமாக எங்கும் இல்லை. ஆனாலும் பார்த்தால் கால் குறுகுறுக்கிறது. நம்மை யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்று ஒரு கடதாசி நம்பவைக்கிறது. நான் செய்த எந்தப் பதாகையும் யாரையும் அப்படி நம்பவைத்ததில்லை, அது கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

அவருடைய மகளைப்பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இளையவள், ஒரே பிள்ளை, என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு எங்கள் வீட்டிலேயே பாதி நாள் கிடந்து வளர்ந்தவள். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, விசாரணை என்று ஆமிக்காரர் வந்து அவளுடைய புருசனை வாசலில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அதன்பிறகு அவளையும் கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து லண்டனுக்கு அனுப்புவதென்று மாமா முடிவெடுத்தார். அவளோ அசைய மாட்டேன் என்றாள். அவன் திரும்பி வந்தால் வீட்டில் யார் இருப்பது என்று கேட்டாள். மாமியாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

மாமா சுவரிலிருந்து லண்டன் படத்தைக் கழற்றிக்கொண்டுவந்து அவள் மடியில் விரித்தார். மழையில் நனைந்த தெரு, ஒரு சிவப்பு பஸ், உயரமான கறுப்புத் தொப்பி போட்ட காவல்காரன் ஒருவன்.

"இவனும் ஆமிக்காரன்தான் மகள். பார், சிரிச்சிக்கொண்டு நிக்கான்" என்றார். "அங்க உன்னை ஒருத்தரும் ஒண்டும் கேட்கமாட்டாங்க."

அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போவதற்குச் சம்மதித்தாள். அவள் போன மறுநாள் மாமா லண்டன் படத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு, அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்றார். போய்ச் சேர்ந்து கொஞ்சக் காலத்திலேயே தனக்கு அங்கே இருக்க அனுமதி கிடைத்துவிட்டது என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது மாமா தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

வருடங்கள் போயின. ஒவ்வொரு சடங்குக்கும் வருவாள் என்று மாமி பார்த்திருப்பார். "பார்ப்பம் அம்மா" என்பாள் அவள். மாமி கொரோனாக் காலத்தில் போய்ச் சேர்ந்தார். அப்போது வானத்தில் விமானமே இல்லை, யாரும் யாரையும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கின. அவள் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மாமா என் கடைக்கு வந்து குந்தத் தொடங்கினார். மட்டக்களப்புக்கு ஒரு படம் செய்ய வேண்டும், தனக்குக் கீற வராது, கணினியில் நான் செய்து தர வேண்டும். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. சுற்றுலாக்காரருக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பாடும் மீனைப் போடுவோம் என்றேன். "கேட்கிற சாமானை எப்படிப் பார்க்கிற?" என்று தள்ளினார். கல்லடிப் பாலம் என்றேன். பாலம் கடந்து போகச் சொல்லும், நில் என்று சொல்லாது என்றார். வெளிச்சவீட்டைக் காட்டினேன். அது எல்லா நாட்டிலும் உண்டாம். எனக்குக் கோபம் வந்தது. நான் பொறுமைசாலி இல்லை. "அப்ப எருமைத் தயிர்ச் சட்டியைப் போட்டுத் துலைங்க மாமா" என்று கத்தினேன். அவர் அதை எடுத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். சட்டியின் சிவப்பு, தயிரின் வெள்ளை, மேலே ஊற்றிய கித்துள் பாணியின் பழுப்பு. நிறங்கள் நன்றாக வரும் என்று தலையாட்டினார். பிறகு முகம் விழுந்துவிட்டது.

"சரிவராது புள்ள. அவளுக்குத் தயிர் பிடிக்காது."

நான் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். இத்தனை நாளும் அவர் யாரை வரச் சொல்லிப் படம் தேடினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அவளுக்கு இந்த ஊரை நினைச்சா அந்த வாசல்தான் கண்ணுக்க வரும்" என்றார். "அவனைக் கொண்டுபோன வாசல். அதுக்கு மேலால ஒரு படம் வேணும். அதை மறைக்கிற மாதிரி ஒண்டு. என்னத்தைப் போட்டா வருவாள்?"

அதன்பிறகு நான் கத்தவில்லை. வேலை முடிந்து கடையில் இருந்து இருந்து செய்தேன். வாவிக் கரை, தண்ணீருக்குள் வேர்விட்ட கண்ணாப் பற்றை, ஒரு தோணி, மாலைச் சூரியன். "சூரியனைப் பெரிசாக்கு" என்றார். ஆக்கினேன். "இன்னும்" என்றார். கரையில் வருகிறவரைப் பார்த்துக்கொண்டு யாராவது நிற்க வேண்டும், அதுதான் முறை. மாமி இல்லை. "உங்களையே போடுவம்" என்றேன். வெட்கப்பட்டார். "என்னைப் பார்க்க ஆரு புள்ள வருவா?" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாரம் கட்டிய, கொஞ்சம் கூனிய ஒரு உருவத்தைத் தட்டை நிறத்தில் வைத்தேன். நானே சொல்லக் கூடாது, நன்றாக வந்திருந்தது.

என் கைபேசியிலிருந்துதான் அனுப்பினோம். அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். அவள் எனக்குச் செய்தி அனுப்புவாள், நான் மதிலுக்கு மேலால் அவரிடம் சொல்லி, அவர் சொன்னதை அவளுக்குத் திருப்பி அனுப்புவேன். "அப்பா என்ன சொன்னவர்?" என்று எப்போதும் கேட்பாள். அன்றைக்குப் பதில் வரச் சுணங்கியது. வந்ததும் வாசித்துக் காட்டினேன். வடிவாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

"வடிவா இருக்கெண்டா தோத்துப்போச்சு" என்றார் மாமா. "எப்ப டிக்கெட் போடுறது எண்டு கேட்கணும்."

இன்னொன்று செய்தோம், பிறகு இன்னொன்று. முருங்கை பூத்த வேலி, மழையில் நிற்கும் மாடு, கிணற்றடி. எல்லாம் வடிவாக இருந்தன.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்தார். நான் செய்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையைச் சந்தியில் கட்டினார்கள். கனடாவிலிருந்து மூன்று ஆண்பிள்ளைகளும் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். ஊரே பார்த்து நின்றது. மாமா சந்தியில் அந்தப் பதாகைக்குக் கீழே கனநேரம் நின்றார் என்று கடைக்காரர் சொன்னார். மறுநாள் காலையில் என்னிடம் வந்தார்.

"எனக்கும் ஒண்டு அடி, புள்ள."

"என்னத்தை?"

"கண்ணீர் அஞ்சலி. கட்டத் தேவையில்ல. அவளுக்கு அனுப்பினாக் காணும்."

பைத்தியமா என்று கேட்டேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"கீறின படம் ஒண்டும் அவளைக் கூப்பிடல்ல. இந்த ஊரில ஆளைப் பிளேனில ஏத்திற படம் இது ஒண்டுதான். செத்த பிறகு அடிச்சா அவள் வாறதை நான் எப்படிக் காணுற?"

"உண்ணாண, சத்தியமாச் சொல்றன் மாமா, இனி இந்தக் கதை கதைச்சா உங்கட ஊட்டுப் படி மிதிக்கமாட்டன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் என் மேசையிலிருந்த பிளேன்டீயை எடுத்துக் குடித்தார். "சும்மா கேட்டனான்" என்றார். அதை மறுபடி அவர் பேசவில்லை. வருகிறவர்களிடம் ஊருக்கு என்ன படம் போடுவீர்கள் என்று கேட்பதையும் அன்றோடு விட்டுவிட்டார்.

மார்கழி மழையில் ஒரு காலை, கதவு திறக்கவில்லையே என்று போய்ப் பார்த்தால் கட்டிலில் போய்விட்டிருந்தார். நெஞ்சுவலி என்றார்கள். அவருடைய அஞ்சலியை நான்தான் செய்தேன். அதைப்பற்றி எழுத இப்போதும் எனக்குத் தைரியமில்லை.

அவளை அழைத்துச் சொன்னதும் நான்தான். வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் உடலை மருந்தேற்றி வைத்திருப்பது வழக்கம். வைக்கட்டுமா என்று கேட்டேன். "வைக்க வேணாம் அக்கா. எடுங்க" என்றாள். செய்தி வீட்டுக்குள் பரவ எவ்வளவு நேரமாகும்? "அப்பன் செத்தும் வராத மனசு என்ன மனசு கா" என்று பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டே பேசினார்கள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

உடலைக் குளிப்பாட்டி வைத்த நேரம் அவள் வீடியோவில் வந்தாள். கைபேசியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துப் பக்கம் போகச் சொன்னாள். போனேன்.

"என்னைப் பேசுறாங்களா அக்கா?"

"பேசாம? எத்தனை படம் அனுப்பின மனுசன். ஒருக்கா வந்திருக்கலாந்தானே" என்றேன். அடக்க முடியவில்லை.

"எனக்கு இன்னும் அனுமதி கிடைக்கல்ல அக்கா. அகதிக் கேஸ் நடந்துகொண்டேதான் இருக்கு. வெளிய காலெடுத்து வைச்சா இஞ்ச திரும்பி வர ஏலா. அங்க இறங்கினா என்ன செய்வாங்களோ தெரியா."

"அப்ப கிடைச்சிட்டெண்டு சொன்ன?"

"அவர்தானே என்னை அனுப்பினவர். கிடைக்கல்ல எண்டா தான் பிழை செஞ்சிட்டன் எண்டு நினைச்சி உருகிருவார். முதல்ல ஒரு பொய் சொன்னன். மறுகா அதை மாத்த ஏலாமப் போயிட்டு. அம்மா செத்தப்ப கொரோனா வந்தது எனக்கு வசதியாப் போச்சு அக்கா. பிள்ளை ஒருத்தி நினைக்கிற நினைப்பா அது?"

நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். அந்த மனுசன் மகளுக்கு ஊர் வெறுத்துவிட்டது என்று நம்பி, என்னத்தைக் காட்டினால் ஆசை வரும் என்று தேடித்தேடிச் செத்துப்போனார். அவளிடம் ஆசை இருந்தது. ஆசையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் அவள் அங்கே இருந்தாள்.

உள்ளே வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள்.

"எனக்காகவும் போடுங்க அக்கா" என்றாள். "போட்டுட்டு அவர்ர காதுக்க ஒண்டு சொல்லுங்க. வர விருப்பமில்லாம இல்ல, வர ஏலாமத்தான் இருந்தனெண்டு. பொய் சொன்னது நான்தானெண்டும் சொல்லுங்க."

ஒரு கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அரிசி போட்டேன். பிறகு குனிந்து சொன்னேன். காதுக்குப் பஞ்சு வைத்திருந்தார்கள், அதனால் கொஞ்சம் பலமாகவே சொல்ல வேண்டியிருந்தது. "மாமா, அவளுக்கு வர விருப்பம். வரத்தான் ஏலாம இருந்திருக்காள்." ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"சொல்லிட்டீங்களா அக்கா?" என்றாள் கைபேசிக்குள்ளிருந்து.

"சொல்லிட்டன் புள்ள."

"அப்பா என்ன சொன்னவர்?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி எண்டவர்" என்றேன்.